உலோகத்தின் களைப்பும் அதைக் கேட்கும் செவியும்

சிறு வயதில் விழுப்புரம் சந்திப்பில் ரயில் நிற்கும்போதெல்லாம் நான் ஜன்னலோரம் நகர்ந்துவிடுவேன். தின்பண்டக் கூடைகளைப் பார்ப்பதற்காக அன்று. நீண்ட பிடியுள்ள சுத்தியல் ஒன்றை ஏந்திக்கொண்டு, வண்டியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்துவரும் ஒரு மனிதரைக் காண்பதற்காக. அவர் ஒவ்வொரு சக்கரத்தையும் ஒருமுறை தட்டுவார். தலையைச் சற்றே சாய்த்துக் கேட்பார். பிறகு அடுத்த சக்கரத்துக்குப் போய்விடுவார். "எதற்காகத் தட்டுகிறார்?" என்று என் தந்தையாரைக் கேட்டேன். "சந்தையிலே பானை வாங்கும்போது உன் பாட்டி என்ன செய்கிறாள்? சுண்டிப் பார்க்கிறாள் அல்லவா? நல்ல பானை ஒரு விதமாகப் பேசும். கீறல் விழுந்த பானை வேறு விதமாகப் பேசும். சக்கரமும் அப்படித்தான்" என்றார் அவர்.

அந்த விடை என் மனத்தில் தங்கிவிட்டது. பிற்காலத்தில் நானும் ஏறத்தாழ அதே தொழிலுக்கு வந்து சேர்ந்தேன். சக்கரத்துக்குப் பதிலாக ஆகாய விமானம். சுத்தியலுக்குப் பதிலாகக் கைவிளக்கும் சிறு கண்ணாடியும். 31 ஆண்டுகள் விமானக் கொட்டகைகளில் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயது முதிர்ந்த விமானத்தின் உடலில் நேரும் நலிவை அந்த விமானமே நமக்குத் தெரிவிக்கும்படி செய்ய முடியுமா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில், உலோகம் எவ்வாறு நலிகிறது என்பதைப் பார்ப்போம். ஒரு மெல்லிய கம்பியை எடுத்துக் கையால் இழுத்து அறுக்க முயலுங்கள், முடியாது. அதே கம்பியை ஒரே இடத்தில் இப்படியும் அப்படியுமாகப் பலமுறை வளையுங்கள்; சிறிது நேரத்தில் இரண்டாக ஒடிந்துவிடும். ஒருமுறை தரும் பெரிய விசையைத் தாங்கிய உலோகம், பலமுறை தந்த சிறிய விசைக்குத் தோற்றுப்போகிறது. இதற்கு உலோகக் களைப்பு என்று பெயர். நம்முடைய களைப்பு ஓய்வினால் தீரும்; உலோகத்தின் களைப்பு தீராது. நேற்றைய வளைவும் இன்றைய வளைவும் அதன் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

இந்த உண்மையை மனிதர் கற்றுக்கொண்டது ரயில் பாதையிலேதான். 1842-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் தேதி, பிரான்சில் வெர்சேய் நகரிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ரயிலின் எஞ்சின் அச்சு ஓட்டத்திலேயே முறிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நல்ல இரும்பு ஏன் முறிய வேண்டும் என்ற கேள்வி அறிஞர்களை வாட்டியது. பின்னர் 1850-களிலும் 1860-களிலும் ஜெர்மானிய ரயில்வே பொறியாளரான ஆகஸ்ட் வோலர் என்பவர், அச்சுகளை மீண்டும் மீண்டும் வளைத்துச் சோதித்து, எவ்வளவு பளுவை எத்தனை முறை ஏற்றினால் உலோகம் முறியும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு என்று காட்டினார்.

அச்சுக்கு ஒவ்வொரு சுழற்சியும் ஒரு வளைவு. விமானத்துக்கோ ஒவ்வொரு பிரயாணமும் ஒரு வளைவு. எவ்வாறு என்று கேட்கலாம். ஜெட் விமானம் 30,000 அடிக்கு மேலே செல்லும்போது வெளியே உள்ள காற்று மிகவும் மெலிந்திருக்கும். அதைச் சுவாசித்து மனிதர் பிழைத்திருக்க இயலாது. ஆகையால் விமானத்தின் உட்புறம் காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். இதனால் உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 8 பவுண்டு ஆகிறது. இது சிறியதாகத் தோன்றும். ஆனால் ஓர் அடி நீளமும் ஓர் அடி அகலமும் உள்ள ஒரு சிறு தகட்டின்மேல் அது 1,100 பவுண்டுக்கு மேற்பட்ட விசையாகும். அதாவது அரை டன். தகட்டின் கனமோ பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். விமானம் மேலே ஏறும்போது அதன் உடல் பலூனைப்போலச் சிறிதே உப்புகிறது. இறங்கும்போது பழைய நிலைக்கு வருகிறது. ஏறினால் ஒன்று, இறங்கினால் ஒன்று என்று கம்பியின் கதையே இங்கும் நடக்கிறது. ஆகவே விமானத்தின் வயதை ஆண்டுகளால் மட்டும் கணக்கிடுவது போதாது. அது எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதையும் எண்ண வேண்டும்.

இதை உலகம் பெரு விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. 1952-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் தேதி, காமெட் என்ற பிரிட்டிஷ் ஜெட் விமானம் லண்டனிலிருந்து ஜோஹானஸ்பர்க்குக்குப் பிரயாணிகளை ஏற்றிச் சென்று, புது யுகத்தைத் தொடங்கிவைத்தது. இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள், 1954 ஜனவரி 10-ஆம் தேதி, ரோமாபுரியை விட்டுக் கிளம்பிய ஒரு காமெட் எல்பா தீவின் அருகே நடுவானில் சிதறியது. 35 பேர் இறந்தனர். ஏப்ரல் 8-ஆம் தேதி இன்னொரு காமெட் நேப்பிள்ஸுக்கு அருகே கடலில் வீழ்ந்தது. 21 பேர் இறந்தனர். பார்ன்பரோவில் இருந்த அரசாங்க விமான ஆராய்ச்சி நிலையத்தில், பெரிய தொட்டி ஒன்றைக் கட்டி, அதற்குள் ஒரு முழு காமெட் விமானத்தின் உடலை அமிழ்த்தி, நீரால் உள்ளே அழுத்தம் கொடுத்தும் எடுத்தும் சோதித்தார்கள். ஏற்கெனவே 1,221 முறை பறந்திருந்த அந்த விமானம், தொட்டியில் மேலும் 1,836 முறை அழுத்தம் பெற்றபின் கிழிந்தது. கிழிசல் தொடங்கிய இடம் திறப்பு ஒன்றின் மூலை. எல்பாவின் அருகே வீழ்ந்த விமானமோ 1,290 பிரயாணங்களே செய்திருந்தது. ஆண்டுக் கணக்கில் அது குழந்தை. ஆயினும் அதன் உலோகம் களைத்துவிட்டது.

இதற்குப் பின் விமானங்களைக் கட்டும் முறையே மாறியது. ஓரிடத்தில் விரிசல் விழுந்தாலும், அடுத்த பரிசோதனைவரை மற்றப் பகுதிகள் சுமையைத் தாங்கிக்கொள்ளும்படி அமைத்தார்கள். இதனால் நம்பிக்கை வளர்ந்தது. அந்த நம்பிக்கையில் இருந்த ஓர் இடைவெளியை 1988-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி ஹவாய்த் தீவுகள் காட்டின.

ஹீலோவிலிருந்து ஹொனலூலுவுக்கு ஒரு போயிங் 737 புறப்பட்டது. 19 வயதான விமானம். தீவு விட்டுத் தீவு செல்லும் குறும் பிரயாணங்களே அதன் வேலையாதலால், அது அதற்குள் 89,680 முறை பறந்துவிட்டது. அந்த வகை விமானத்தை வகுத்தவர்கள் எதிர்பார்த்த கணக்கு 75,000. விமானம் 24,000 அடி உயரத்தை எட்டியதும், முன்பகுதியின் கூரை ஏறத்தாழ 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பிரயாணிகளின் தலைக்கு மேலே திறந்த வானம். நின்றுகொண்டிருந்த விமானப் பணிப்பெண் ஒருவர் காற்றில் அடித்துச் செல்லப்பட்டார். அவர் உடல் கிடைக்கவில்லை. விமானிகள் அசாத்தியத் திறமையுடன் மாவி தீவில் விமானத்தை இறக்கினார்கள். இருந்த 95 பேரில் ஏனைய 94 பேரும் உயிர் தப்பினர்.

விசாரணையில் வெளிப்பட்டது இதுதான். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒட்டும் இணைப்பில், பசை விட்டுப்போயிருந்தது. கடற்காற்றின் ஈரமும் உப்பும் அரித்திருந்தன. பசை ஏற்க வேண்டிய சுமை முழுவதும் தரையாணிகளின்மேல் விழுந்தது. ஒவ்வோர் ஆணித் துளையின் ஓரத்திலும் ஒரு சிறு விரிசல். தனித்தனியே பார்த்தால் ஒன்றும் ஆபத்தில்லாதவை. அவை யாவும் ஒரே வரிசையில் இருந்தன. ஒரு நாள் ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டன. ஒரு விரிசலைத் தாங்குமாறு அமைத்த விமானம், நூறு விரிசல்கள் ஒருங்கு சேர்வதைத் தாங்கவில்லை.

அந்த விசாரணையில் இன்னொரு செய்தியும் உண்டு. விமானத்தில் ஏறும்போது, கதவுக்கு அருகே தகட்டில் ஒரு விரிசலைக் கண்டதாக ஒரு பிரயாணி பின்னர் கூறினார். ஆனால் அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. நம்மில் எத்தனை பேர் சொல்லியிருப்போம்? "இவர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிட்டது?" என்றே நினைத்திருப்போம்.

தெரிந்திருக்க வேண்டியவர்களின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்கால இரவில், பின்னிரவு மூன்று மணிக்கு, ஒரு பழைய விமானத்தின் அடிவயிற்றில் ஓடும் ஆணி வரிசை ஒன்றைக் கைவிளக்கால் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆயிரக்கணக்கான ஆணித் தலைகள். ஒவ்வொன்றும் மற்றொன்றைப் போலவே இருக்கும். காலையில் விமானம் கிளம்பியாக வேண்டும். வரிசை முழுவதையும் பார்த்தேன். சரி என்று கையொப்பமிட்டேன். இரண்டு வாரங்களுக்குப் பின், வேறு ஒரு காரணத்துக்காக அதே இடத்தை மின்சுழல் கருவியால் சோதித்த என் இளைய நண்பர், ஓர் ஆணித் தலைக்கு அடியில் கால் அங்குல விரிசலைக் கண்டுபிடித்தார். அது அன்றிரவே அங்கே இருந்திருக்க வேண்டும். இடையில் அந்த விமானம் 64 முறை பறந்திருந்தது. பதிவேட்டை எடுத்து நானே எண்ணிப் பார்த்தேன். யாருக்கும் எந்தத் தீங்கும் நேரவில்லை. ஆயினும் அந்த எண்ணை நான் மறந்ததில்லை. உலோகம் மட்டுமா களைக்கிறது? அதைப் பார்க்கும் கண்ணும் களைக்கிறது.

இந்த இடத்திலேதான் உணர்கருவிகளின் துணை தேவைப்படுகிறது. நோயாளி வைத்தியரிடம் வரும் நாளில் மட்டும் நாடி பார்ப்பதற்குப் பதிலாக, நாடி பார்க்கும் விரலை அவர் மணிக்கட்டிலேயே நிரந்தரமாக வைத்துவிடுவது போன்ற ஏற்பாடு இது. விமானத்தின் தகட்டிலும் எலும்புக் கூட்டிலும் சிறு கருவிகளை ஒட்டியோ உள்ளே பதித்தோ வைத்துவிடுகிறார்கள். அவற்றுள் முக்கியமான சிலவற்றை மட்டும் விளக்குகிறேன்.

மிகப் பழையது இழுவை அளவி. 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இருவர் தனித்தனியே கண்டறிந்தது. நெளிநெளியாக மடித்த மெல்லிய கம்பி ஒன்றைத் தகட்டின்மேல் ஒட்டிவிட்டால், தகடு நீளும்போது கம்பியும் நீளும். நீண்டால் அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை அளந்து, தகடு எவ்வளவு சுமையை, எத்தனை முறை ஏற்றது என்று கணக்கிடலாம். இது விரிசலைக் காண்பதில்லை. ஆனால் உலோகம் பட்ட பாட்டுக்குப் பேரேடு எழுதிவைக்கிறது.

இரண்டாவது கண்ணாடி இழை. தலைமயிரைப் போன்று மெல்லிய இழையின் உள்ளே, புற ஊதா ஒளியைக் கொண்டு, வீணையின் மெட்டுகளைப் போல நெருக்கமாகக் கோடுகள் பதிக்கிறார்கள். கனடா நாட்டில் 1978-இல் தற்செயலாகக் கிடைத்த ஒரு கண்டுபிடிப்பிலிருந்து வளர்ந்த முறை இது. இழைக்குள் ஒளியைச் செலுத்தினால், அந்தக் கோடுகள் ஒரே ஒரு நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும். இழை சிறிது நீண்டால் கோடுகளின் இடைவெளி விரியும். திரும்பும் நிறமும் மிக நுட்பமாக மாறும். ஒரே இழையில் பல இடங்களில் இவ்வாறு பதித்து, ஒரு சிறகின் முழு நீளத்தையும் கவனிக்கலாம். இதற்கு மின்சாரம் பாயும் கம்பி வேண்டியதில்லை. மின்னலாலோ வானொலி அலைகளாலோ இதன் அளவு கலங்குவதில்லை. பெங்களூரிலுள்ள நம் தேசிய விண்வெளி ஆய்வகத்தாரும் நிஷாந்த் என்ற ஆளில்லா விமானத்தில் இத்தகைய இழைகளைப் பதித்துப் பறக்கவிட்டு ஆராய்ந்தார்கள்.

மூன்றாவது, என் ரயில் நிலையத்துச் சுத்தியலுக்கு நேரடி வாரிசு. சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றும் என்பதைக் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டார்கள். மாறாக, மின்சாரத்தைக் கொடுத்தால் அத்தகைய பொருள் அதிரும். நகத்தளவுள்ள ஒரு சிறு வில்லையைத் தகட்டில் ஒட்டி அதிரச் செய்தால், காதுக்கு எட்டாத மெல்லிய அலை தகட்டின் வழியே ஓடும். மெல்லிய தகடுகளில் அலைகள் எவ்வாறு ஓடும் என்பதை ஹொரேஸ் லாம் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1917-லேயே எழுதிவைத்திருந்தார். வழியில் விரிசல் இருந்தால் அலை சிதறும்; எதிரே ஒட்டியிருக்கும் மற்றொரு வில்லை அந்த மாறுதலைக் கேட்கும். ஒரு வில்லை தட்டுகிறது. மற்றொன்று காது கொடுக்கிறது. தட்டாமலேயே கேட்பதும் உண்டு. விரிசல் வளரும் கணத்தில் உலோகம் தானே மிக நுண்ணிய ஓர் ஒலியை எழுப்பும். அதையும் இவ்வில்லைகள் பிடிக்க வல்லவை.

நான்காவது முறை மிக எளியது. எனக்கு மிகவும் பிடித்தது. ஒட்டுத் துணியைப் போன்ற ஒரு சிறு பட்டையின் அடிப்புறத்தில் மெல்லிய வாய்க்கால்கள் இருக்கும். ஒன்றுவிட்டு ஒன்று, ஒரு வாய்க்காலில் வெற்றிடம். அடுத்ததில் சாதாரணக் காற்று. பட்டையை விரிசல் வரக்கூடிய இடத்தில் ஒட்டிவிடுவார்கள். தகடு நன்றாக இருக்கும்வரை வெற்றிடம் வெற்றிடமாகவே நிற்கும். விரிசல் ஒன்று பட்டைக்கு அடியே வளர்ந்து இரண்டு வாய்க்கால்களையும் இணைத்துவிட்டால், காற்று கசியும்; அளவி அதைக் காட்டிவிடும். ஆஸ்திரேலியாவில் உருவான இந்தப் பட்டைகளை, 2014-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் போயிங் 737 விமானங்கள் சிலவற்றின் சிறகுப் பெட்டிக்குள் ஒட்டிப் பார்த்தார்கள். சாண்டியா ஆய்வுக்கூடத்தார் அந்தச் சோதனையில் பங்குகொண்டனர். அந்த இடத்தைக் கண்ணால் பார்ப்பதென்றால், பரிசோதகர் எரிபொருள் தொட்டியின் பக்கத்திலுள்ள குறுகிய அறைக்குள் புகுந்து செல்ல வேண்டும். பட்டை இருந்தால், வெளியே நின்றபடியே ஒரு குழாயை மாட்டிச் சில நிமிடங்களில் முடித்துவிடலாம்.

இதில் காலமும் பணமும் மிஞ்சுகின்றன என்பது மட்டும் நன்மை அன்று. ஒரு பழைய விமானத்தைத் திறந்து பார்ப்பதே சில வேளைகளில் அதற்குக் காயம் உண்டாக்குகிறது. பலகையைக் கழற்றும்போது ஆணித் துளை தேயும். திருகியைத் தவறவிட்டால் தகட்டில் கீறல் விழும். அந்தக் கீறலிலிருந்தே பிற்காலத்து விரிசல் பிறக்கும். அவசியமின்றித் திறக்காமலிருப்பது முதிய உடலுக்குச் செய்யும் ஓர் உபகாரம்.

இவ்வளவு நன்மை இருந்தால் எல்லா விமானங்களிலும் ஏன் இவற்றைப் பதித்துவிடவில்லை என்று கேட்பீர்கள். தடைகள் உண்டு. முதலாவது, கருவியும் முதுமை அடையும். பசை காயும், கம்பி அறும், வெயிலில் சுட்ட தகடும் 30,000 அடி உயரத்தில் உறைந்த தகடும் ஒரே அலையை ஒரே விதமாகக் கடத்துவதில்லை. கருவி மௌனமாக இருந்தால், தகடு நலமாக இருக்கிறதா, கருவி மாண்டுவிட்டதா என்பதை வேறுபடுத்தி அறிய வேண்டும். இரண்டாவது, பொய் எச்சரிக்கை. ஒன்றுமில்லாத இடத்தில் நான்கு முறை கூவிய கருவியை ஐந்தாம் முறை யாரும் நம்பமாட்டார்கள். மூன்றாவது, கருவி தான் இருக்கும் இடத்தை மட்டுமே அறியும். எங்கே விரிசல் வரும் என்று நாம் ஊகித்தோமோ அங்கேதான் அதை ஒட்டியிருப்போம். காமெட்டைக் கட்டியவர்கள் அஞ்சாத இடத்தில் அல்லவா அது கிழிந்தது?

நான்காவது தடை முதிய விமானங்களுக்கே உரியது. புது விமானத்தில் பிறந்த நாளிலிருந்தே கருவியைப் பதித்தால், அதன் வாழ்க்கை முழுவதும் பதிவாகும். இருபது ஆண்டுகள் பறந்த விமானத்தில் இன்று கருவியை ஒட்டினால், அதன் கடந்த காலத்தை அது அறியாது. ஏற்கெனவே இருக்கும் குறையையே நலம் என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து கணக்கைத் தொடங்கிவிடக் கூடும். ஆகவே ஒட்டுமுன் ஒருமுறை பழைய முறைப்படி, மனிதக் கண்ணாலும் கையாலும், முழுமையாகச் சோதித்தே ஆக வேண்டும். பழைய விமானங்களோ உலகில் குறைந்தபாடில்லை. அமெரிக்க விமானப்படையின் பி-52 குண்டுவீச்சு விமானங்களில் கடைசியானது 1962-ஆம் ஆண்டு அக்டோபரில் தொழிற்சாலையை விட்டு வந்தது. அவை இன்னும் பறக்கின்றன. மேலும் பல ஆண்டுகள் பறக்க வைப்பதே அவர்கள் எண்ணம்.

ஆகையால், உணர்கருவி வந்துவிட்டது, பரிசோதகன் வீட்டுக்குப் போகலாம் என்று நான் சொல்லமாட்டேன். களைத்த கண்ணுக்கு அது உற்ற துணை என்பேன். அன்றிரவு அந்த ஆணி வரிசையில் ஒரு சிறு பட்டை ஒட்டியிருந்தால், அது எனக்குச் சொல்லியிருக்கும். 64 என்ற எண் என் மனத்தில் இத்தனை காலம் கிடந்திருக்காது.

இறுதியாக ஒன்று. அந்தச் சுத்தியல்காரரிடம் என் தந்தையார் ஒருமுறை பேச்சுக் கொடுத்தார். "கெட்ட சக்கரத்தைக் கண்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். "வண்டியை நிறுத்தச் சொல்வேன்" என்றார் அவர். "எவ்வளவு நேரமானாலுமா?" "எவ்வளவு நேரமானாலும்." கருவி எவ்வளவு நுட்பமானதாயினும், அதன் கடமை சொல்வதோடு முடிந்துவிடுகிறது. சொன்னதைக் கேட்டு, காலை விமானத்தை நிறுத்திவைக்கும் துணிவு மனிதரிடமிருந்தே வர வேண்டும். நிலையத்தில் காத்திருக்கும் நாமும், தாமதம் என்ற அறிவிப்பைக் கேட்டுச் சினம் கொள்ளுமுன், யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு சக்கரத்தைத் தட்டிக் கேட்டிருக்கிறார் என்று எண்ணிக்கொள்ளலாம்.